தமிழ் தலைவாஸ் அணியின் முதல் பருவம் (2017)

தமிழ் தலைவாஸ் சென்னையைத் தளமாகக் கொண்ட தொழில்முறைக் கபடி அணி. புரோ கபடி லீக்கின் ஐந்தாவது பருவத்தில், 2017ஆம் ஆண்டு, இந்த அணி முதன்முறையாகக் களமிறங்கியது. அந்தப் பருவத்தில் ஆடிய 22 ஆட்டங்களில் 6 வெற்றி, 14 தோல்வி, 2 சமநிலை என்ற கணக்கில் 46 புள்ளிகள் பெற்று, 'பி' பிரிவின் ஆறு அணிகளில் கடைசி இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு லீக்கில் சேர்ந்த மற்ற மூன்று புதிய அணிகளும் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றன. சடுகுடு எங்கள் மண்ணின் விளையாட்டு என்று பெருமையாகச் சொல்லும் மாநிலத்தின் அணி மட்டும் வெளியே நின்றது. அடுத்த இரண்டு பருவங்களிலும் நிலைமை மாறவில்லை. இந்தத் தோல்விகள் எப்படி வந்தன என்பது, தொழில்முறைக் கபடியில் ஓர் அணி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

லீக்கின் விரிவாக்கம்

புரோ கபடி லீக் 2014 சூலை 26 அன்று எட்டு அணிகளுடன் தொடங்கியது. அதற்கு முன் கபடி, தேசிய சாம்பியன்ஷிப், காவல்துறை, இரயில்வே, வங்கி அணிகளுக்கு இடையிலான போட்டிகள், ஊர்த் திருவிழாப் போட்டிகள் என்ற அளவில் நின்றிருந்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்க விளையாட்டானது. அதன்பின் இந்தியா தொடர்ந்து தங்கம் வென்று வந்தும், ஆட்டக்காரர்களின் பெயர்கள் வெளியே பரவலாகத் தெரியவில்லை. தொலைக்காட்சிதான் அதை மாற்றியது. வண்ண விரிப்பு, 30 விநாடிக் கடிகாரம், ஏலத்தில் இலட்சங்களில் பேசப்பட்ட விலை ஆகியவை கபடியை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தன.

நான்கு பருவங்கள் முடிந்ததும், 2017இல் லீக் 12 அணிகளாக விரிந்தது. குஜராத் பார்ச்சூன் ஜெயன்ட்ஸ், ஹரியானா ஸ்டீலர்ஸ், யு.பி. யோதா, தமிழ் தலைவாஸ் ஆகிய நான்கும் புதியவை. அணிகள் 'ஏ', 'பி' என இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வோர் அணியும் தன் பிரிவில் உள்ள ஐந்து அணிகளுடன் மும்மூன்று முறையும், எதிர்ப் பிரிவில் உள்ள ஆறு அணிகளுடன் ஒருமுறையும் ஆட வேண்டும். கூடுதலாக ஓர் ஆட்டமும் உண்டு. இப்படி ஓர் அணிக்கு 22 ஆட்டங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களைப் பிடிக்கும் அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லும். மூன்று மாதம், ஊர் ஊராகப் பயணம் என்று, அதுவரை நடந்தவற்றிலேயே மிக நீண்ட பருவமாக அது அமைந்தது.

அணி உருவான விதம்

சச்சின் தெண்டுல்கர், தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் உள்ளிட்டோர் தமிழ் தலைவாஸ் அணியின் உரிமையாளர்கள். நடிகர் கமல்ஹாசன் விளம்பரத் தூதராக அறிவிக்கப்பட்டார். எனவே ஒரு ரெய்டு கூடப் போவதற்கு முன்பே அணியின் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்பார்ப்பும் அதற்கேற்ப ஏறியிருந்தது.

புதிய அணிகளுக்கு ஏலத்துக்கு முன்பே ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்துகொள்ளும் சலுகை அளிக்கப்பட்டது. தமிழ் தலைவாஸ் அஜய் தாக்கூரைத் தேர்ந்தது. இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த இவர், 2016இல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியாவின் முதன்மை ரெய்டர். இறுதி ஆட்டத்தில் ஈரானிடம் பின்தங்கியிருந்த இந்தியா 38-29 என்று வென்றதில் அவருக்கே பெரும் பங்கு. தடுப்பவர்களின் தலைக்கு மேல் தவளைபோல் எம்பித் தாண்டும் அவரது பாய்ச்சல் புகழ்பெற்றது. அந்த நேரத்தில் எந்த அணியும் விரும்பக்கூடிய ஆட்டக்காரர்தான். தேர்வைக் குறை சொல்ல முடியாது. அவரே அணித் தலைவராகவும் ஆனார்.

தடுப்பாட்டத்தில் அமித் ஹூடா 63 இலட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். ரெய்டர்களில் தாக்கூருக்குத் துணையாகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. பிரபஞ்சன் இருந்தார். பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரன். லீக்கின் முதல் பருவத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் பட்டம் வென்றபோது அதற்குப் பயிற்சி அளித்தவர் இவரே. (2018இல் தலைவாஸ் பயிற்சியாளராக வந்த எடச்சேரி பாஸ்கரன் வேறு ஒருவர். அவர் கேரளத்தைச் சேர்ந்தவர், யு மும்பா அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்தவர். இரண்டு பாஸ்கரன்களையும் ஒருவராக எழுதும் குழப்பம் இணையத்தில் அடிக்கடி காணப்படுகிறது.)

முதல் ஆட்டம்

பருவத்தின் தொடக்க ஆட்டமே தலைவாஸ் அணியின் ஆட்டமாக அமைந்தது. 2017 சூலை 28 அன்று ஐதராபாத் கச்சிபவுலி உள்விளையாட்டரங்கில் தெலுங்கு டைட்டன்ஸ் அணியை எதிர்கொண்டது. சொந்த மண்ணில் ஆடிய டைட்டன்ஸ், ராகுல் சௌத்ரியின் ரெய்டுகளால் முன்னிலை பெற்று 32-27 என்று வென்றது. ஏழு புள்ளிகளுக்குள் தோற்ற அணிக்கு அப்போதைய லீக் விதிப்படி ஒரு புள்ளி கிடைத்தது. ஆக, தமிழ் தலைவாஸ் கணக்கில் ஏறிய முதல் புள்ளியே தோற்றதற்குக் கிடைத்த புள்ளி. அந்தப் பருவத்தின் போக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது என்று பின்னால் திரும்பிப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

புள்ளிக் கணக்கு சொல்வது

கடைசி இடம் என்றால் மோசமாக அடிவாங்கிய அணி என்றே பொதுவாக நினைப்போம். தலைவாஸ் விஷயத்தில் அது முழு உண்மையல்ல. லீக்கின் அப்போதைய புள்ளி முறையை வைத்தே இதைச் சரிபார்க்கலாம்.

அப்போது வெற்றிக்கு 5 புள்ளி, சமநிலைக்கு 3 புள்ளி, ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி தரப்பட்டது; அதற்கு மேல் தோற்றால் ஒன்றும் கிடைக்கவில்லை. தலைவாஸ் பெற்ற 6 வெற்றிகளுக்கு 30 புள்ளி. 2 சமநிலைகளுக்கு 6 புள்ளி. மொத்தம் 36. ஆனால் பட்டியலில் இருப்பது 46. மீதி 10 புள்ளிகளும் தோல்விகளிலிருந்து வந்தவை. அதாவது 14 தோல்விகளில் 10 தோல்விகள் ஏழு புள்ளிக்குள் நிகழ்ந்தவை. நான்கே ஆட்டங்களில்தான் அணி பெரிய வித்தியாசத்தில் தோற்றது.

கபடியில் ஏழு புள்ளி என்பது என்ன? எதிரணியை ஒருமுறை முழுவதுமாக வெளியேற்றினால் கிடைக்கும் ஆல் அவுட்டுக்கு 2 கூடுதல் புள்ளி. அந்த ஆல் அவுட்டை நோக்கிப் போகும் இரண்டு மூன்று நிமிடங்களில் மட்டும் ஐந்தாறு புள்ளிகள் கைமாறிவிடும். ஆகவே 40 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய 35 நிமிடம் சமமாக ஆடி, ஒரு சின்ன இடைவெளியில் சரிந்தாலே ஏழு புள்ளி வித்தியாசம் வந்துவிடும். இறுக்கமாகத் தோற்ற அந்தப் பத்து ஆட்டங்களில் ஐந்து மட்டும் வெற்றியாக மாறியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி கூடி அணியின் கணக்கு 66 ஆகியிருக்கும். ஐந்து ஆண்டு கழித்து இதே அணி முதன்முறையாக அடுத்த சுற்றுக்குச் சென்றபோது பெற்றிருந்ததும் 66 புள்ளிகள்தான். போட்டி அமைப்பு அப்போது மாறியிருந்தது என்றாலும், தூரம் எவ்வளவு குறைவு என்பதை இந்த எண் காட்டுகிறது.

இன்னொரு செய்தி: 2017இல் லீக் முழுவதிலும் மிகக் குறைந்த புள்ளி பெற்ற அணி தலைவாஸ் அல்ல. 'ஏ' பிரிவின் கடைசியில் இருந்த தபங் டெல்லி 38 புள்ளிகளே பெற்றது. அந்த டெல்லி அணி 2022 பிப்ரவரியில் எட்டாவது பருவத்தின் பட்டத்தை வென்றது.

ஒற்றை ரெய்டரின் சுமை

இவ்வளவு நெருங்கி வந்தும் ஏன் வெல்ல முடியவில்லை என்ற கேள்விக்கு, அக்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட விடை, அணி அஜய் தாக்கூர் ஒருவரையே நம்பியிருந்தது என்பது. அவர் அந்தப் பருவத்தில் 213 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். பட்னா பைரேட்ஸ் அணியின் பர்தீப் நர்வால் 369 புள்ளிகளுடன் எட்டாத உயரத்தில் இருந்தார். அவரை விட்டுவிட்டால், தாக்கூர் லீக்கின் முன்னணி ரெய்டர்களில் ஒருவர். பிரபஞ்சனும் நூறைத் தாண்டினார். கடைசி இடம் பிடித்த ஓர் அணிக்கு இது மோசமான கணக்கல்ல.

சிக்கல் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கபடியில் பிடிபட்ட ஆட்டக்காரர் வெளியே உட்கார வேண்டும். அவருடைய அணி ஒரு புள்ளி எடுத்து அவரை உயிர்ப்பித்தால்தான் உள்ளே வரலாம். வெளியே போனவர்கள் போன வரிசையிலேயே திரும்புவார்கள். முதன்மை ரெய்டர் பிடிபட்டால், அவரை மீட்டுக் கொண்டுவர இரண்டு வழிதான். இன்னொரு ரெய்டர் தொட்டுவிட்டு வர வேண்டும், அல்லது தடுப்பாட்டக்காரர்கள் எதிரணி ரெய்டரைப் பிடித்துப் போட வேண்டும். இரண்டும் நம்பகமாக இல்லாத அணியில், பெரிய ஆட்டக்காரர் நாலைந்து நிமிடம் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நேரும். அந்த நேரத்தில்தான் ஆல் அவுட் விழும்.

எதிரணிகளுக்கும் இது தெரியும். மூன்றாவது ரெய்டில் கட்டாயம் புள்ளி எடுத்தாக வேண்டும் என்ற விதி லீக்கில் உண்டு. தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமனே திரும்பினால், மூன்றாவதில் தொடாமல் வருபவர் வெளியேற வேண்டும். துணை ரெய்டர்களை இரண்டு முறை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, மூன்றாவதாகத் தாக்கூர் வருவதற்காகக் காத்திருப்பது எளிய உத்தி. கட்டாயத்தில் வரும் ரெய்டரைப் பிடிப்பது, இஷ்டப்பட்டு வரும் ரெய்டரைப் பிடிப்பதைவிட எளிது என்பது ஊர்க் களத்தில் ஆடியவர்களுக்கும் தெரியும்.

இதே ஆண்டு புதிதாக வந்த குஜராத் அணி எதிர்த்திசையில் போனது. அதுவும் முன்கூட்டியே ஒருவரைத் தேர்ந்தது. ஆனால் அவர் ரெய்டர் அல்லர். ஈரானின் தடுப்பாட்டக்காரர் பசல் அத்ராச்சலி. அவருடன் இன்னோர் ஈரானியர் அபோசர் மிகானி, சுனில் குமார், பர்வேஷ் பைன்ஸ்வால் போன்ற இளம் தடுப்பாட்டக்காரர்கள், பெயர் தெரியாத நிலையிலிருந்த இளம் ரெய்டர் சச்சின் தன்வார் என்று அந்த அணி அமைந்தது. 15 வெற்றிகளோடு 'ஏ' பிரிவில் முதலிடம் பிடித்து, இறுதி ஆட்டம் வரை போனது. புதிய அணி என்பதால் தோற்றார்கள் என்ற சமாதானம் இதனால் எடுபடாமல் போகிறது. பிற நாட்டு லீக்குகளில் அந்தச் சமாதானம் செல்லும். அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 1976இல் சேர்ந்த டாம்பா பே பக்கனீர்ஸ், முதல் பருவத்தின் 14 ஆட்டங்களையும் தோற்று, அடுத்த ஆண்டும் சேர்த்து 26 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றது. அங்கே புதிய அணிக்குப் பிறர் கழித்துவிட்ட ஆட்டக்காரர்களே பெரும்பாலும் கிடைத்தார்கள். இங்கே ஏலத்தில் எல்லா அணிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றன.

அந்த ஆண்டின் இறுதி ஆட்டம் அக்டோபர் 28 அன்று சென்னையில் நடந்தது. பட்னா 55-38 என்று குஜராத்தை வென்றது. சென்னை ரசிகர்கள் தங்கள் அணி இல்லாத இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

தமிழ் அணியும் தமிழ் ஆட்டக்காரர்களும்

தோல்வி மட்டுமாக இருந்திருந்தால் ரசிகர்கள் ஆறியிருப்பார்கள். உறுத்தியது வேறொன்று. அணியின் பெயர் தமிழ், களத்தில் முன்நின்றவர்களில் பலர் வடமாநிலத்தவர். 'நம்ம ஊரில் ஆள் இல்லையா' என்ற கேள்வி முதல் பருவத்திலிருந்தே எழுந்தது.

ஆள் இருந்தார்கள், வேறு அணிகளில் இருந்தார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், 2016இல் பட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராக இருந்து நான்காவது பருவத்தின் பட்டத்தை வென்றவர். தமிழ் தலைவாஸ் பிறந்த 2017இல் அவர் புனேரி பல்டனுக்காக ஆடினார். முதல் பருவத்தில் தலைவாஸ் அணிக்கு நன்றாக ஆடிய பிரபஞ்சன், அடுத்து குஜராத்துக்கும் பின்னர் பெங்கால் வாரியர்ஸ் அணிக்கும் போனார். 2019இல் பெங்கால் பட்டம் வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அதே ஆண்டு தலைவாஸ் கடைசி இடம். ஏல முறையில் இது யாருடைய குற்றமும் அல்ல. அணிக்கு மாநிலத்தின் பெயர் இருக்கும். ஆட்டக்காரர் விலை கேட்பவருக்கே போவார்.

தமிழ்நாட்டில் கபடிக்கு ஆள் பஞ்சம் இருந்ததில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர் வட்டாரம் உள்ளிட்ட தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் கொடையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் மின்னொளி கபடிப் போட்டிகள் இரவு முழுக்க நடப்பது வழக்கம். ஊர்ப் பெயரிலோ சாமி பெயரிலோ அணிகள் வரும். அந்த அணிகளிலும் வெளியூர் ஆட்டக்காரரைக் கூட்டிவந்து இறக்குவது உண்டு. அதற்காக யாரும் ஊர் அணி இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் கூட நிற்கும் மற்ற ஐந்தாறு பேர் ஊர்ப் பையன்களாக இருப்பார்கள்.

மண் களத்திலிருந்து லீக்கின் விரிப்புக்குப் போவது சின்னத் தாவல் அல்ல. விரிப்பில் காலணி போட்டு ஆட வேண்டும். மண்ணில் வெறுங்காலால் தரையைப் பற்றி நின்று பழகியவருக்கு உடலின் எடை விழும் விதமே மாறும். ஊர்ப் போட்டியில் நேரம் ஓரளவு நெகிழும்; லீக்கில் 30 விநாடி முடிந்தால் ரெய்டு முடிந்தது. ஹரியானாவிலும் மகாராஷ்டிராவிலும் விரிப்பில் பயிற்சி தரும் மையங்களும் அகாடமிகளும் முன்பே வேரூன்றியிருந்தன. லீக்கின் தொடக்க ஆண்டுகளில் ஏலத்தில் அந்த மாநிலங்களின் ஆட்டக்காரர்களே நிறைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த பருவங்கள்

முதல் தோல்விக்கு அணி நிர்வாகம் கண்ட மருந்து, மேலும் பெரிய பெயர்களைச் சேர்ப்பது. 2018இல் மன்ஜீத் சில்லர், ஜஸ்வீர் சிங், சுகேஷ் ஹெக்டே ஆகியோர் வந்தனர். அக்டோபர் 7 அன்று சென்னையில் நடந்த தொடக்க ஆட்டத்தில், நடப்புச் சாம்பியன் பட்னாவை 42-26 என்று நொறுக்கியபோது எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றியது. பருவம் முடிந்தபோது 5 வெற்றி, 13 தோல்வி, 4 சமநிலை, 42 புள்ளி. மறுபடியும் பிரிவின் கடைசி இடம்.

2019இல் ராகுல் சௌத்ரியையே 94 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஐதராபாத்தில் தலைவாஸ் அணியைத் தோற்கடித்த அதே ராகுல். அதே நகரில், அதே டைட்டன்ஸ் அணிக்கு எதிராக முதல் ஆட்டத்தில் தலைவாஸ் 39-26 என்று வென்றது. தாக்கூர், சௌத்ரி, சில்லர் என்று இந்தியக் கபடியின் மூன்று பெரிய பெயர்கள் ஒரே அணியில் இருந்தார்கள். ஆனால் மொத்தம் நான்கே வெற்றிகள், 15 தோல்விகள். 37 புள்ளிகளுடன் 12 அணிகளில் பன்னிரண்டாவது. பருவத்தின் நடுவிலேயே எடச்சேரி பாஸ்கரன் விலக, ஜே. உதயகுமார் பயிற்சியாளரானார். மூன்று பருவங்களையும் சேர்த்தால் 66 ஆட்டங்களில் 15 வெற்றி.

கொரோனாவால் ஓர் ஆண்டு தள்ளிப்போன எட்டாவது பருவத்தில் அணி புதிதாக அமைக்கப்பட்டது. பிரபஞ்சனும் திரும்பி வந்தார். இடம் பதினொன்றாவதுதான். ஆனால் ஆறு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. இளம் தடுப்பாட்டக்காரர் சாகர் ராட்டி அந்தப் பருவத்தில் வெளிச்சத்துக்கு வந்தார்.

திருப்பம் 2022இல் வந்தது, அதுவும் யாரும் திட்டமிடாத விதத்தில். ஒன்பதாவது பருவத்துக்காகப் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு, அன்றுவரை லீக்கில் யாருக்கும் தராத விலைக்கு, அணி வாங்கியிருந்தது. முதல் ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே அவர் காயமடைந்து பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனார். பழைய தலைவாஸ் என்றால் அதோடு முடிந்திருக்கும். இம்முறை பெரிய பெயர் இல்லாத நரேந்தர், அஜிங்கியா பவார் ஆகியோர் ரெய்டு சுமையைப் பகிர்ந்துகொள்ள, சாகர், சாஹில் குலியா, தமிழ்நாட்டைச் சேர்ந்த எம். அபிஷேக் ஆகியோர் பின்னால் நின்றனர். நரேந்தர் மட்டும் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். 2017இல் தாக்கூர் எடுத்ததைவிட 30 கூடுதல். இடையில் பொறுப்பேற்ற அஷன் குமாரின் பயிற்சியில் அணி 10 வெற்றி, 8 தோல்வி, 4 சமநிலையுடன் ஐந்தாம் இடம் பிடித்தது. வெளியேற்றச் சுற்றில் யு.பி. யோதாவுடன் 36-36 என்று சமநிலையில் நின்று, சமன்முறி ரெய்டுகளில் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேரி பல்டன் 39-37 என்று தலைவாஸ் அணியை வீழ்த்தியது. வித்தியாசம் இரண்டே புள்ளி.